தீவுல மாட்டிக்கிட்டவங்களுக்கு ஒரே ஒரு பைதான் அனுப்ப முடியும்னா என்ன வைப்பீங்க? என் அனுபவம்

புயலால படகெல்லாம் நின்னுபோய் என் வீட்டுக்காரர் தீவுல ஒன்பது நாள் மாட்டிக்கிட்டார். அஞ்சாவது நாள் நிவாரணப் படகு போகுது, ஆளுக்கு ஒரு பை, பத்து கிலோவுக்கு மேல கூடாது, அரை மணி நேரத்துல கொண்டாங்கன்னாங்க. கையும் ஓடல காலும் ஓடல. அஞ்சு லிட்டர் தண்ணியிலயே பாதி எடை போச்சு, மீதிக்கு பிஸ்கட், துணி, டார்ச், தண்ணியில போடற குளோரின் மாத்திரை. வீட்டுக்கு வந்து பாத்தா தலகாணி பக்கத்துல அவரோட படிக்கிற கண்ணாடி. ரெண்டு நாள்ல வந்துடுவேன்னு விட்டுட்டுப் போனது. திரும்பி வந்தப்புறம் சொன்னார், "ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்குன்னு அட்டையில பொடி எழுத்து, கையை நீட்டி நீட்டிப் பாத்தேன், தெரியலம்மா." பயந்துக்கிட்டு போடாமலே குடிச்சு ரெண்டு நாள் வயித்தால போயிருக்கு. அந்தக் கண்ணாடியைப் பாக்கும்போதெல்லாம் மனசு அறுக்குது.

---

அக்கா, கண்ணாடி சரி, ஆனா தண்ணியை சுமந்து அனுப்பினதுதான் எனக்கு ஒத்துக்க முடியல. அஞ்சு லிட்டர் ஒரு ஆளுக்கு ரெண்டு நாள் வந்தா பெருசு. என் தம்பி மாட்டினப்போ நான் உப்புக்கடலையா அள்ளி வச்சேன், அவன் தாகம் தாங்காம கடல்தண்ணியை வாயில ஊத்திட்டான். லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு, அதை வெளிய தள்ள உடம்புல இருக்கற தண்ணியும் சேந்து போயிடும். தார்ப்பாய் ஒண்ணு வைங்க. ரெண்டு மீட்டருக்கு ரெண்டு மீட்டர் விரிச்சு கட்டினா 5 மில்லிமீட்டர் மழைக்கே 20 லிட்டர் வரும், முதல்ல விழறதை மட்டும் கீழ விட்டுடணும், துணியில உப்பு படிஞ்சிருக்கும். மாத்திரை தீந்துட்டா தெளிஞ்ச தண்ணியை நிறமில்லாத பாட்டில்ல ஊத்தி நல்ல வெயில்ல ஆறு மணி நேரம் படுக்க வைக்கலாம், மேகமா இருந்தா ரெண்டு நாள். மடக்கற காலி கேனும் வைங்க, எடையே இருக்காது.

---

தண்ணி தண்ணின்னே பேசறீங்க, தினமும் மருந்து எடுக்கறவங்களுக்கு அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். அம்மாவுக்கு இன்சுலின் அனுப்பினேன். கெட்டுடக்கூடாதேன்னு ஐஸ்கட்டி மேலயே இன்சுலின் ஊசிப் பேனாக்களை அடுக்கி இறுக்கிக் கட்டினேன். பிரிச்சப்போ உறைஞ்சு கிடந்திருக்கு. உறைஞ்ச இன்சுலின் அப்புறம் உருகினாலும் போடக்கூடாது. நடுவுல ஒரு துண்டைச் சுத்தியிருந்தா போதும். அம்மா ஃபோன்ல "பரவாயில்லடா, சமாளிச்சுக்கறேன்"னு சொன்ன குரல் இன்னும் காதுல இருக்கு.

---

எங்க அண்ணன் தலைக்கு மேல ஹெலிகாப்டர் போயும் அவரைப் பாக்கல. பையில சாப்பாடு இருந்துச்சு, வெயில்ல மின்ன வச்சுக் காட்ட முகம் பாக்கற கண்ணாடி ஒண்ணு இல்ல. 2024 ஏப்ரல்ல பசிபிக்ல பிகெலாட் தீவுல மாட்டின மூணு பேர் தென்னை ஓலையை மணல்ல அடுக்கி "ஹெல்ப்"னு எழுதித்தான் விமானத்து கண்ணுல பட்டாங்க. அந்த விமானம் முதல்ல உதவிப் பை போட்டுச்சு, அடுத்து வந்தது ரேடியோ போட்டுச்சு. சின்ன முகம் பாக்கற கண்ணாடி, விசில் (மூணு மூணா ஊதணும்), பளிச்சுனு ஆரஞ்சு துணி, மூணும் சேத்து கால் கிலோ வராது. அண்ணன் கரையில நின்னு சட்டையைக் கழட்டி சுத்தியிருக்கார். சாம்பல் கலர் சட்டை, மணல் கலர்லயே.

---

ஐயோ, அந்த சட்டை. நானும் என் வீட்டுக்காரருக்கு சாம்பல் கலர்தான் வச்சேன். இன்சுலின் பத்தி எழுதினவங்க, அம்மா இப்ப எப்படி இருக்காங்க? அதைச் சொல்லாமலே விட்டுட்டீங்களே.