வெளி மாநிலத்தில் தூண்டில், வேட்டை: லைசென்ஸ் கட்டண அனுபவங்கள்

அமெரிக்காவில் மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் மாநில லைசென்ஸ் வேண்டும், வெளி மாநிலத்தவருக்குக் கட்டணம் அதிகம். டெக்சாஸில் குடியேறிய உடனே உள்ளூர்க் கட்டணம் கிடைக்காது. விண்ணப்பிப்பதற்கு முன் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் அங்கே வசித்திருக்க வேண்டும். அதுவரை மீன்பிடி லைசென்ஸ் நன்னீருக்கு 58 டாலர், கடலுக்கு 63, இரண்டும் சேர்த்து 68. ஒரு நாள் லைசென்ஸ் 16. ஏரிக்கு மட்டும் போகிறவர்களுக்கு மூன்று நாள் வரை நாள் கணக்கு லாபம். நான்காம் நாள் 64 ஆகிவிடும். ஆண்டு லைசென்ஸ் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும், அதனால் ஜூலையில் வாங்குவது வீண். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் மாநிலப் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். பூங்காவுக்குள் கரையில் நின்று தூண்டில் போட யாருக்கும் லைசென்ஸ் வேண்டாம். எத்தனை மீன், என்ன அளவு என்ற வரம்பு மட்டும் அங்கேயும் உண்டு.

—

ஃப்ளோரிடாவில் 3 நாளுக்கு 17, 7 நாளுக்கு 30, ஆண்டுக்கு 47 டாலர். நன்னீருக்குத் தனி, கடலுக்குத் தனி. பலர் மாட்டுவது கடற்கரையில்தான்: கரையிலிருந்து பிடிக்க இலவச லைசென்ஸ் உள்ளூர்வாசிகளுக்கு மட்டுமே. லைசென்ஸ் உள்ள சார்ட்டர் படகில் (ஆளோடு வாடகைக்கு வரும் மீன்பிடிப் படகு) போனால் பயணிக்குத் தனியாகத் தேவையில்லை. ஸ்னூக் மீனுக்கு மேலும் 10 டாலர் பெர்மிட்.

—

அலாஸ்காவில் செலவே லைசென்ஸுக்கு மேல்தான். மீன்பிடிக்க 3 நாள் 30, 7 நாள் 45. கிங் சால்மன் பிடிக்க அதே தொகைக்கு இன்னொரு ஸ்டாம்ப், ஆக இரட்டிப்பு. வேட்டை லைசென்ஸ் 160. அதற்கு மேல் விலங்குக்கு ஏற்ப தனி அனுமதிச் சீட்டு, அதாவது டேக்: மூஸ் என்ற பெரிய மானுக்கு 800, பழுப்புக் கரடிக்கு 1000. டேக்கை முன்பே வாங்கியாக வேண்டும், விலங்கு கிடைக்காவிட்டாலும் பணம் போனதுதான். பழுப்புக் கரடி, டால் ஆடு, மலையாடு மூன்றுக்கும் வெளி மாநிலத்தவர் கைடு வைக்க வேண்டும், அல்லது அலாஸ்காவில் வசிக்கும் நெருங்கிய உறவினர் உடன் வர வேண்டும். அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் என்றால் எல்லாப் பெரிய விலங்குகளுக்கும் கைடு கட்டாயம். கைடு கட்டணத்தின் முன் டேக் விலை ஒன்றுமே இல்லை.

—

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் மீன்பிடிக்க மாநில லைசென்ஸ் செல்லாது, பூங்காவின் சொந்த பெர்மிட்தான். பக்கத்து கிராண்ட் டீட்டனில் தலைகீழ்: வயோமிங் லைசென்ஸ் வேண்டும்.

வெளியூர்க்காரனிடம் இப்படி அதிகமாக வாங்குவது நியாயமா என்று கோர்ட்டுக்கே போனார்கள். மொன்டானாவில் எல்க் மான் வேட்டைக்கு உள்ளூர்வாசி 9 டாலர் கொடுத்த காலத்தில் வெளியாள் 225 டாலர் கூட்டு லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. 1978-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றுவிட்டது.

ஹெச்-1பி, மாணவர் விசாக்காரர்கள் கவனிக்க: துப்பாக்கியும் தோட்டாவும் கையில் வைத்திருக்க ஃபெடரல் சட்டம் பொதுவாக இவர்களைத் தடுக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை லைசென்ஸ் நடப்பில் இருந்தால் விலக்கு. அது காலாவதியான மறுநாள் சுடும் பயிற்சிக்குக்கூடப் போகாதீர்கள்.