பங்குனி வெயிலில் ஆறு வீணைகள்

முதுகலை இரண்டாம் ஆண்டின் முடிவில், பங்குனி மாதத்து மாலையொன்றில், எங்கள் பல்கலைக்கழக மாணவர் குழுக்களின் இசை நிகழ்ச்சியில் வீணை வாசித்தேன். தை மாதத்தில், தியாகராஜரின் நினைவு நாளான புஷ்ய பகுள பஞ்சமியன்று, திருவையாற்றில் அவருடைய பஞ்சரத்தினக் கிருதிகளைச் சேர்ந்து பாடிய பழக்கம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. அங்கே ஒரு குரல் வழுவினாலும் மற்ற குரல்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். 6 வீணைகள் மட்டும் ஒலிக்கும் மேடையில் அப்படி மறைந்துகொள்ள இடமில்லை.

முதலில் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம் ஒன்றை வாசித்தோம். மேல்நாட்டு மெட்டில் அமைந்த, அசைவு அதிகம் இல்லாத உருப்படி என்பதால் அது விரைவிலேயே கைவந்தது. எங்களைச் சோதித்தது சியாமா சாஸ்திரியின் பைரவி ஸ்வரஜதிதான். மிஸ்ர சாப்பு என்னும் ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்த அதன் எட்டுச் சரணங்களும் ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம் என்று ஒவ்வொரு ஸ்வரமாக மேலேறித் தொடங்கி, கடைசிச் சரணம் தார ஷட்ஜத்தில், அதாவது மேல் ஸ்தாயி ஷட்ஜத்தில், எழும். பைரவியின் காந்தாரத்தைக் கம்பியை இழுத்து அசைத்துத்தான் காட்ட வேண்டும். ஆறு பேரும் பிசகின்றி வாசித்தும், இழுக்கும் அளவு ஆளுக்கு ஆள் வேறுபட்டதால், ஒத்திகையில் அது ஆறு காந்தாரங்களாகவே கேட்டது. எங்கள் ஆசிரியை வீணைகளை உறையிலிட்டு வைக்கச் சொல்லி, இரண்டு வாரம் எங்களைப் பாட மட்டுமே வைத்தார். அப்போது எனக்கு அது காலவிரயமாகப்பட்டது.

நிகழ்ச்சியன்று உச்சி வெயிலில் கும்பகோணத்திலிருந்து பேருந்தில் வீணையைக் கொண்டு வந்தேன். மேடையில் சுருதி சேர்க்கும்போதுதான், மெழுகு இளகி, தார ஸ்தாயியில், மெழுகில் பதித்த உலோக மெட்டுகளில் இரண்டு சாய்ந்திருப்பது தெரிந்தது. மேளம் கட்டுபவரிடம், அதாவது வீணையில் மெட்டுகளைப் பதித்துத் தருபவரிடம், கொடுத்தால்தான் அது சரியாகும். என் கை நடுங்குவதைக் கண்ட ஆசிரியை அருகில் வந்து, "முன் சரணங்களில் அந்த இடம் வந்தால் கையை எடுத்துவிடு. கடைசிச் சரணத்தை நீ பாடு, மற்றவர்கள் வாசிக்கட்டும்" என்றார். வாய்ப்பாட்டு எனக்கு முதன்மைப் பாடம் அன்று. ஆயினும் வேறு வழியில்லாததால், மடியில் வீணையை வைத்துக்கொண்டே தார ஷட்ஜத்தைப் பிடித்தேன். ஐந்து வீணைகளும் என் குரலோடு சேர்ந்து வந்தன.

நிகழ்ச்சி முடிந்ததும், முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் என்னிடம் வந்தார். திருவாவடுதுறைப் பக்கத்தில் நெடுங்காலம் நாகசுரம் வாசித்தவர் என்று பேச்சில் தெரிந்தது. "ஏம்மா, கடைசிச் சரணத்தை மட்டும் பாடினியே, யார் யோசனை?" என்று கேட்டார். மெட்டு சாய்ந்ததைச் சொல்லி, "மன்னிக்கணும் ஐயா" என்றேன். "எதுக்கு மன்னிப்பு? அதுவரைக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீணையைக் கேட்டு வாசிச்சுது. நீ பாடினதும் எல்லாரும் பாட்டைக் கேட்டு வாசிச்சாங்க. அப்பதான் காந்தாரம் ஒண்ணாச்சு" என்றார்.

இன்று நானும் வீணை கற்பிக்கிறேன். புதிய உருப்படியைத் தொடங்கும்போது, பிள்ளைகள் அதை முழுவதும் பாடிக் காட்டிய பிறகே வீணையை உறையிலிருந்து எடுக்கச் சொல்கிறேன்.