4 லிட்டர் பீர்: எது வகுபடும், எது வகுபடாது

23 லிட்டர் கிட்டில் (பீருக்கு வேண்டிய பொருள்களை அளந்து டப்பாவில் அடைத்து விற்கும் தொகுப்பு) பழகி, இப்போது 4 லிட்டர் ஜாடியிலும் 8 லிட்டர் வாளியிலும் மட்டுமே பீர் காய்ச்சுகிறேன். இந்தப் பக்கம் வர நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கிட்டில் போட்டிருக்கும் அளவுகளை அப்படியே வகுத்துக்கொண்டால் போதுமா?" போதாது. சிலது வகுபடும், சிலது வகுபடவே படாது. எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன், நீங்கள் பார்த்ததையும் சேருங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. வீட்டில் காய்ச்ச உங்கள் ஊர்ச் சட்டம் இடம் தருகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். பிரிட்டனிலேயே 1963 வரை இதற்கு உரிமம் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் கூட்டாட்சித் தடை நீங்க வழி செய்த சட்டம் 1978-இல்தான் கையெழுத்தானது. அளவு சின்னது என்பதால் சட்டம் விலகி நிற்காது.

இனி டப்பாவுக்கு வருவோம். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) சேர்த்த 1.7 கிலோ மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய தானியத்தின் கெட்டிப் பாகு), அதனுடன் ஒரு கிலோ சர்க்கரை, 23 லிட்டர் தண்ணீர். பெரும்பாலான கிட்டுகளின் கணக்கு இதுதான். சர்க்கரையை விட்டுவிட்டு ஒரு டப்பாவை 11 அல்லது 12 லிட்டரில் கரைத்தால் முழு மால்ட் பீர் கிடைக்கும் என்று பலரும் அதைத்தான் முதலில் செய்து பார்க்கிறார்கள். மால்ட் சுவை கிடைக்கும், உண்மை. ஆனால் அந்த டப்பாவின் கசப்பு 23 லிட்டருக்காக அளந்து வைத்தது. தண்ணீரைப் பாதியாக்கினால் கசப்பு இரண்டு மடங்காகிவிடும். கசப்புப் பிரியர்களுக்குச் சரி. லேசான லாகர் என்று லேபிளில் பார்த்து வாங்கியவருக்கு அது வேறொரு பீர்.

நான் செய்வது இப்படி. டப்பாவில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது சுமார் 570 கிராமை, எடுத்துக்கொள்கிறேன். சர்க்கரைக்குப் பதிலாக ஹாப்ஸ் இல்லாத உலர் மால்ட் பொடி 330 கிராம் சேர்த்து, மொத்தம் 7.6 லிட்டர் ஆக்குகிறேன். தொடக்க அடர்த்தி, அதாவது நொதிக்கும் முன் தண்ணீரை 1.000 என்று வைத்து அளக்கும் எண், 1.038 பக்கம் நிற்கும். கசப்பு டப்பாக்காரர் நினைத்த அளவிலேயே இருக்கும், பீரின் உடம்பு, அதாவது வாயில் உணரும் கனம், மட்டும் கூடும். ஹாப்ஸ் சேர்த்த எக்ஸ்ட்ராக்டை நெடுநேரம் கொதிக்க விடாதீர்கள். வெந்நீரில் கரைத்தால் போதும், கொதித்தால் இருக்கிற கொஞ்ச மணமும் ஆவியோடு போய்விடும்.

மிச்ச எக்ஸ்ட்ராக்டைச் சுத்தம் செய்த பாட்டிலில் ஊற்றி, இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். எடை பார்க்கும்போது பாத்திரத்தைத் தராசில் வைத்து அதற்குள் நேராக ஊற்றுவது நல்லது. கரண்டியால் அள்ளினால் கரண்டியிலேயே நாற்பது ஐம்பது கிராம் நின்றுவிடும். 23 லிட்டரில் அது பொருட்டே இல்லை. 4 லிட்டரில் அடர்த்தியே மாறிப்போகும்.

ஈஸ்ட்: மூடிக்கடியில் இருக்கும் சின்னப் பொட்டலம் 23 லிட்டருக்கானது. 4 லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் தாராளம். முழுப் பொட்டலத்தையும் போட்டாலும் கெட்டுவிடாது. பிரித்த பொட்டலத்தில் காற்றும் ஈரமும் ஏறும் என்பதால், நாள் கடத்தி மிச்சம் பிடிப்பதைவிட முழுதாகப் போட்டுவிடுவதே மேல் என்பது என் கருத்து.

*

நான் தானியக் கிட்டு ஆள். ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் அளவில், அரைத்த மால்ட்டிலிருந்தே தொடங்குவேன். மேலே சொன்னதில் ஆவிக் கணக்கு விட்டுப்போயிருக்கிறது.

ஒரு மணி நேரக் கொதியில் எவ்வளவு தண்ணீர் போகும் என்பதைத் தீர்மானிப்பது பானையின் வாயும் அடுப்பின் வேகமும்தான். உள்ளே எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது பெரிய விஷயமே இல்லை. அகன்ற பானையில் மணிக்கு 2 லிட்டருக்கு மேல் சர்வசாதாரணமாகப் போகும். 19 லிட்டர் காய்ச்சுகிறவருக்கு அது பத்தில் ஒரு பங்கு. 4 லிட்டர் வேண்டும் என்கிற எனக்கோ 6 லிட்டருக்கு மேல் வைத்துத் தொடங்கினால்தான் ஆகும். கிட்டின் தாளில் இருக்கும் தண்ணீர் அளவு உங்கள் பானைக்குப் பொருந்தாது. வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து அளந்துகொள்ளுங்கள், பிறகு எல்லாப் பேட்சுக்கும் அந்த எண் உதவும்.

மாஷ் செய்யும்போதும், அதாவது அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போதும், சின்ன அளவு அடம் பிடிக்கும். 65 முதல் 68 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். மால்ட்டில் உள்ள நொதிகள் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குவது அந்தச் சூட்டில்தான். சூடு அந்த வரம்பில் கீழ்ப்பக்கம் நின்றால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை அதிகமாகும், பீர் வறண்டு முடியும். மேல்பக்கம் நின்றால் உடம்பும் தித்திப்பும் மிஞ்சும். பெரிய பானை சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும், 3 லிட்டர் பானை விட்டுவிடும். லேசாகச் சூடேற்றி அணைத்த ஓவனுக்குள் பானையை வைத்துவிடுவேன், இல்லையென்றால் கனத்த போர்வை. அடுப்பிலேயே விட்டுக் கிளறிக்கொண்டிருந்தால் அடியில் 75, மேலே 62 என்றுதான் நிற்கும்.

ஆறவைப்பதில் மட்டும் நம் பக்கம் வெற்றி. செம்புச் சுருளெல்லாம் வேண்டாம். சிங்க்கில் ஐஸும் தண்ணீரும் நிரப்பிப் பானையை இறக்கினால், அரை மணிக்குள் ஈஸ்ட் போடும் சூட்டுக்கு வந்துவிடும்.

*

மூன்றாவதாக நுரையைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன். ஜாடியைக் கழுத்துவரை நிரப்பி ஏர்லாக்கை (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) மாட்டினால், முதல் இரண்டு மூன்று நாளில் நுரை ஏறி அதன் வழியாகவே வெளியே வரும். துளை ஹாப்ஸ் துணுக்கால் அடைத்தால் மூடி பிய்த்துக்கொண்டு பறக்கும். அந்த நாள்களுக்கு ஏர்லாக் வேண்டாம். தடித்த குழாயை மூடியில் சொருகி, மறுமுனையைச் சானிடைசர் உள்ள கிண்ணத்தில் முக்கிவையுங்கள். நுரை அடங்கிய பிறகு ஏர்லாக்கை மாட்டிக்கொள்ளலாம்.

வெப்பநிலை: 23 லிட்டர் நொதிக்கும்போது தானே சூடாகும், அறையைவிடச் சில டிகிரி மேலே போகும். 4 லிட்டர் ஜாடி அவ்வளவு சூடு காட்டாது, ஆனால் அறை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். ஏல் வகை பீருக்கான ஈஸ்ட்டை 18 முதல் 20 டிகிரிக்குள் நிறுத்த, ஜாடியை ஒரு வாளித் தண்ணீரில் உட்காரவைப்பேன். வாளித் தண்ணீர் சேர்ந்து எடை கூடியதும் ஊசலாட்டம் அடங்கிவிடுகிறது. மேலே ஒரு துணியும் போர்த்துங்கள். கண்ணாடி ஜாடிக்குள் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து நாறும்.

*

எனக்கு ஒரு சந்தேகம் சார். அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் குடுவைக்கு ஒவ்வொரு தடவையும் 100 மில்லி வேண்டியிருக்கிறது. மூன்று முறை பார்த்தால் ஏறக்குறைய ஒரு பாட்டிலே போய்விடுகிறது. பார்க்காமல் விட்டுவிடலாமா? பாட்டில் வெடிப்பதைப் பற்றிப் படித்துப் பயமாகவும் இருக்கிறது.

*

பார்க்காமல் விடாதீர்கள், தம்பி. அந்தப் பயம் நியாயமானது. ஈஸ்ட் தின்னச் சர்க்கரை மிச்சமிருக்கும்போது பாட்டிலில் அடைத்தால் வாயு போக வழி இருக்காது, கண்ணாடி சிதறும்.

உங்கள் அளவுக்கு, ஒளி வளைவதை வைத்து அடர்த்தி காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் நல்ல வழி. சில சொட்டுகள் போதும். ஆல்கஹால் சேர்ந்த பிறகு அது காட்டும் எண் நிஜ அடர்த்தி அல்ல, திருத்தக் கணக்கு போட வேண்டும். ஆனால் நொதித்தல் நின்றுவிட்டதா என்று அறிய அந்தக் கணக்கும் வேண்டாம். மூன்று நாள் இடைவெளியில் எண் அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அசையவில்லை, அதோடு திருத்திய எண் அந்த ஈஸ்ட் வழக்கமாக முடிக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது என்றால் பாட்டிலுக்குப் போகலாம். 1.038-இல் தொடங்கியது 1.010 பக்கம் முடிந்திருந்தால் ஆல்கஹால் 3.7 சதவீதம் அளவில் இருக்கும்.

வெடிப்புக்கு இன்னொரு காரணம், வாயு ஏறுவதற்காகப் பாட்டிலில் போடும் சர்க்கரை. லிட்டருக்கு 6 கிராம் என்பது என் கணக்கு. 23 லிட்டருக்கு 138 கிராம் வரும், அதில் 5 கிராம் கூடினால் நாக்குக்குக்கூடத் தெரியாது. அடிவண்டல் போக உங்களுக்குக் கிடைப்பது 3.5 லிட்டர், அதற்கு 21 கிராம். அதில் 5 கிராம் கூடினால் கால் பங்கு அதிகம். சமையலறைத் தராசை நம்பாமல் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்குங்கள். இல்லையென்றால் 375 மில்லி பாட்டிலுக்கு ஒன்று என்று விற்கும் சர்க்கரை வில்லைகளைப் போடுங்கள். பீரைப் பாட்டிலுக்கு இறக்கும் சைஃபன் குழாயின் நுனியை அடிவண்டலுக்கு மேலே பிடியுங்கள். கடைசி அரை லிட்டருக்கு ஆசைப்பட்டால் எல்லாப் பாட்டிலும் கலங்கும்.

சுத்தம் செய்யும் வேலையும் வகுபடாது. குழாய், ஜாடி, மூடி எல்லாம் 23 லிட்டருக்கு ஆகும் அதே நேரத்தை வாங்கும். மூன்று வாரம் காத்திருந்து பத்துப் பாட்டில்தானா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: ஒரு 8 லிட்டர் வோர்ட்டை, அதாவது இன்னும் நொதிக்காத மால்ட் சாற்றை, காய்ச்சி இரண்டு ஜாடிகளில் சரிபாதியாகப் பிரியுங்கள். ஒன்றில் யூஎஸ்-05 மாதிரி மணம் காட்டாத ஈஸ்ட், மற்றதில் பவேரிய கோதுமை பீர் ஈஸ்ட். ஒரே மால்ட், ஒரே ஹாப்ஸ், ஒரே அறை. இரண்டு வாரத்தில் முதல் ஜாடி தெளிவாக, அடக்கமாக இருக்கும். இரண்டாவதைத் திறந்தால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். பழம் எதுவும் போடவில்லை, அத்தனையும் ஈஸ்ட் செய்த வேலை.

இதைச் செய்து பார்க்கிறவர்கள் இரண்டு ஜாடிகளின் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் இங்கே போடுங்கள். கோதுமை ஈஸ்ட்டை 18 டிகிரியில் வைத்தவர்களுக்கும் 22-இல் வைத்தவர்களுக்கும் மணத்தில் என்ன வித்தியாசம் வருகிறது என்று ஒப்பிட வேண்டும்.