ரைஸ், ரெய்ஸ்: இந்த இணையை எப்படி அழைப்பது?

நண்பர்களே, பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ரைஸ் (rise, எழு), ரெய்ஸ் (raise, எழுப்பு) என்ற ஆங்கில வினைகள் இரண்டையும் பிரித்துக் காட்டும் பக்கத்துக்கு மட்டும் இன்னும் தலைப்பு இல்லை. இப்படிப்பட்ட இணைகளுக்குத் தமிழில் என்ன பெயர் என்று நீங்கள் சொன்ன யோசனைகளுக்கு என் பதில் இது.

தன்வினை, பிறவினை போதும் என்பவர்களுக்கு: போதாது. 'பாம்பைக் கொன்றான்' தன்வினைதான், ஆனால் அதற்குச் செயப்படுபொருள் இருக்கிறது. 'கொல்வித்தான்' வந்தால்தான் பிறவினை. அங்கே கேள்வி, தானே செய்தானா, பிறரைச் செய்ய வைத்தானா என்பது. நமக்கு வேண்டியது, தானே எழுகிறதா, இன்னொன்றை எழுப்புகிறதா என்பது. சூரியன் எழும், விலை உயரும், அதெல்லாம் ரைஸ். எதை என்று கேட்கவே முடியாது. ரெய்ஸ் என்றால் கையை, குரலை, கேள்வியை என்று 'ஐ' வந்தே தீரும். செயப்பாட்டுவினையாக்கிப் பார்த்தால் மாணவருக்குச் சட்டென்று பிடிபடும்: 'எழுப்பப்பட்டது' சரி, 'எழப்பட்டது' என்று யாரும் சொல்வதில்லை, ஆங்கிலத்திலும் அப்படித்தான்.

'காரணவினை' வடசொல் என்று தள்ளிவிட்டு 'ஏதுவினை' கொண்டுவந்தவருக்கு: ஏதுவும் ஹேது என்ற வடசொல்தான் ஐயா. அப்புறம் எதற்கு மாற்ற வேண்டும்? 'ஏவல்வினை' வேண்டவே வேண்டாம், வா, போ எல்லாம் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன.

என் ஓட்டு இயங்குவினை, இயக்குவினைக்கு: தானே எழுவது இயங்குவினை, இன்னொன்றை எழுப்புவது இயக்குவினை. மொழியியலில் புழங்குகிற சொற்கள்தான். திருந்து, திருத்து போலவே மெல்லினம் வல்லினமாகி, பெயரே எடுத்துக்காட்டாகவும் நிற்கிறது. இயக்குநரும் இயக்குதளமும் நினைவுக்கு வரும் என்பதெல்லாம் ஒரு தடையா?

லை (lie, கிட), லே (lay) இணைதான் உயிரை வாங்குகிறது, லையின் இறந்தகாலமே லே என்பதால். தமிழில் கிடந்தது, கிடத்தினான் என்று தெளிவாகப் பிரியும். ஆனால் குழந்தையைத்தான் கிடத்துவோம், புத்தகத்தை வைப்போம், கோழி முட்டையை இடும். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் லேதான். அதனால் அட்டவணையில் லேக்கு நேராகக் 'கிடத்து' என்று மட்டும் போட்டிருப்பதைத் தயவுசெய்து மாற்றுங்கள்.

பிரேக் (break) மாதிரி ஒரே சொல் இரண்டு வேலையும் பார்த்தால்? தமிழில் அது உடைந்தது, உடைத்தான் என்று பிரிந்துவிடும். ஆனால் நம் 'திற' பிரிவதில்லை: கதவு திறந்தது, கதவைத் திறந்தான். இவற்றுக்குப் 'பொதுவினை' போதும் என்கிறேன், 'ஈரியல்வினை' என்பவர் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வழக்கு தனியாக நடக்கட்டும். வியாழன் மாலைக்குள் வேறு நல்ல சொல் வராவிட்டால் இயங்குவினை, இயக்குவினை என்றே பக்கத்தை அனுப்பிவிடுகிறேன்.