13 வயதில் செல்லா–நேசியான் நீளம் குறைகிறது: பழைய ஃபிலிம்களை எப்படித் திருத்துவது?

ஹோ சி மின் நகரில் வியட்நாமியச் சிறார்களின் முகவளர்ச்சியை 11 முதல் 13 வயதுவரை, ஆண்டுக்கொரு பக்கவாட்டு செஃபலோகிராம் (தலையை அசையாமல் நிறுத்தி எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படம்) எடுத்துத் தொடர்கிறோம். முதல் இரண்டு ஆண்டு ஃபிலிம், மூன்றாவது டிஜிட்டல். மேல், கீழ்த் தாடைகளின் நிலையைக் காட்டும் எஸ்என்ஏ, எஸ்என்பி கோணங்களில் குழப்பமில்லை. நீளங்கள்தான் சிக்கல்: சிலருக்கு செல்லா–நேசியான் (மண்டையோட்டு அடியில் பிட்யூட்டரி குழியின் மையத்திலிருந்து மூக்கின் வேர்வரையான தூரம்) 13 வயதில் சுமார் 1 மி.மீ. குறைகிறது. வளரும் வயதில் அது சுருங்க வழியே இல்லை.

பழைய கருவியில் எக்ஸ்-கதிர்க் குழாயிலிருந்து தலையின் நடுத்தளம் (இட, வலப் பாதிகளைப் பிரிக்கும் தளம்) வரை 152 செ.மீ., அது மாறாது. ஆனால் ஃபிலிம் வைத்த கேசட்டை ஒவ்வொரு பிள்ளையின் கன்னத்தையும் ஒட்டித் தள்ளி எடுத்திருக்கிறார்கள். நடுத்தளத்திலிருந்து ஃபிலிம் 12 செ.மீ. தள்ளியிருந்தால் உருப்பெருக்கம் 7.9%, 14 என்றால் 9.2%. தூரம் குறித்து வைக்கப்படவில்லை. ஃபிலிமில் அளவுகோலும் விழவில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே 8.5% திருத்தம் போட்டும் பலனில்லை. மறுபடி வரைந்து பார்த்ததில் டால்பெர்க் பிழை (இருமுறை அளந்த மதிப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் அளவு) 0.5 மி.மீ.க்குள், ஆகவே வரைவில் கோளாறில்லை.

மிஞ்சியிருப்பது, தலையை நிலையாகப் பிடிக்க இரு காதுகளிலும் வைக்கும் காதுத்தண்டுகளின் உலோக வளையங்கள். ஃபிலிமில் ஒன்று பெரிதாக, மற்றது சிறிதாகத் தெளிவாக விழுந்திருக்கிறது. தண்டுகள் கைவசம் உள்ளன, உண்மை விட்டத்தை அளக்கலாம். இரு வளையங்களின் உருப்பெருக்கத் தலைகீழிகளின் (1 ÷ உருப்பெருக்கம்) சராசரியிலிருந்து நடுத்தள மதிப்பைக் கணக்கிட்டு, ஒவ்வொரு ஃபிலிமையும் தனித்தனியே திருத்தினால் அந்த நீளங்களை நம்பலாமா?