ஒரு மீனுக்கு 33 கோடி யென்: எந்த விலையைக் கண்டு நாம் கோபப்படுகிறோம்?

தும்பை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஆடம்பர உணவுக்குக் கொடுக்கப்படும் பெருந்தொகைகளை மக்கள் எதிர்கொள்ளும் விதத்தில் ஒரு சீரின்மை இருப்பதாக எனக்கு வெகுநாட்களாகத் தோன்றிவருகிறது. 2019-ஆம் ஆண்டு ஜனவரி 5 அன்று, டோக்கியோவின் டோயோசு சந்தையில் நடந்த புத்தாண்டு முதல் ஏலத்தில், 278 கிலோ எடையுள்ள ஒரு நீலத்துடுப்புச் சூரை மீனை 33 கோடியே 36 லட்சம் யென் கொடுத்து வாங்கினார் சுஷி உணவகங்களை நடத்திவரும் கியோஷி கிமுரா. கிலோவுக்கு 12 லட்சம் யென். உலகெங்கும் அந்தச் செய்தி பெரும்பாலும் வியப்போடுதான் படிக்கப்பட்டது.

ஆனால், 2021 நவம்பரில், வியட்நாமின் அன்றைய பொதுப் பாதுகாப்பு அமைச்சர் தோ லாம், துருக்கியச் சமையல்காரர் நுஸ்ரெத் கோக்சேயின் லண்டன் உணவகத்தில் பொன்தாள் போர்த்திய மாட்டிறைச்சியை உண்ணும் காணொலி வெளியானபோது அந்நாட்டு மக்களிடையே கடும் சீற்றம் எழுந்தது. அந்த இறைச்சியின் விலை அதிகம் போனால் 1,450 பவுண்டு. மீனின் விலைக்கு அருகில்கூட வைத்துப் பார்க்க முடியாத தொகை. அப்படியானால் நம் கோபம் தொகையைப் பொறுத்து எழுவதில்லை என்றாகிறது. வேறு எதைப் பொறுத்து எழுகிறது? வெறும் பொறாமைதான் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

செங்கொன்றை:

நீங்கள் எடுத்துக்கொண்ட இரண்டு நிகழ்வுகளிலும் பணம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதே வேறு. கிமுரா வாங்கியது மீனை மட்டுமல்ல. புத்தாண்டின் முதல் ஏலத்தில் கொடுக்கப்படும் விலை, ஆண்டு நல்லபடியாகத் தொடங்க வேண்டும் என்ற வாழ்த்தோடு கொடுக்கப்படுவது. சாதாரண நாளின் சந்தை விலையோடு அதற்குத் தொடர்பில்லை. அன்று முதல் மீனை வாங்குபவரின் படம் நாடெங்கும் தொலைக்காட்சியிலும் நாளேடுகளிலும் வருகிறது. 2013-இல் 222 கிலோ மீனுக்கு அவர் 15 கோடியே 54 லட்சம் யென் கொடுத்ததும் இதே கணக்கில்தான். வாங்கிய மீனைத் தம் உணவகங்களில் வழக்கமான விலைக்கே பரிமாறுவதால், கடைக்கு வரும் எவரும் அதில் ஒரு துண்டை உண்டுவிட முடிகிறது. செலவழித்தவர் தனியாக உட்கார்ந்து உண்ணவில்லை என்பதை மக்கள் கவனிக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

அமைச்சரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர் பருவநிலை மாநாட்டுக்காகப் பிரித்தானியாவுக்குச் சென்றவர். அதே பயணத்தில் கார்ல் மார்க்சின் கல்லறையில் மலர்வளையம் வைத்தவர். ஊழல் ஒழிப்பைத் தன் பெரும்பணியாக அறிவித்திருந்த ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் உயர்மட்டத் தலைவர். அவருடைய அரசு ஊதியத்தில் இந்த விருந்துக்கு இடமேது, பணம் கொடுத்தது யார் என்பதுதான் மக்கள் கேட்ட கேள்வி. அதைப் பொறாமை என்று தள்ளிவிடுவது கேட்டவர்களுக்குச் செய்யும் அநீதி. 2018 செப்டம்பரில் வெனிசுவேலா அதிபர் மதுரோ இஸ்தான்புல்லில் இதே சமையல்காரரான நுஸ்ரெத் கோக்சேயின் உணவகத்தில் விருந்துண்ட காணொலி வெளிவந்தபோதும் இதுவே நடந்தது. உணவுப் பற்றாக்குறையால் மக்கள் உடல் மெலிந்து, லட்சக்கணக்கில் நாட்டைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த நேரம் அது. அங்கே இறைச்சியின் விலையை யாரும் கணக்கிட்டுக்கூடப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆழியன்:

செங்கொன்றை அவர்கள் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பொதுப்பணமும் பதவியும் கலந்தால்தான் கோபம் வரும் என்று அதிலிருந்து முடிவு கட்டினால், 1975-இல் நடந்த ஒரு விருந்தை விளக்க முடியாமல் போய்விடும். நியூயார்க் டைம்ஸ் நாளேட்டின் உணவுப் பகுதி எழுத்தாளர் கிரெய்க் கிளெய்போர்ன், ஒரு பொதுத் தொலைக்காட்சி நிலையத்துக்கு நிதி திரட்ட நடத்தப்பட்ட ஏலத்தில் 300 டாலர் கேட்டு ஒரு பரிசை வென்றார். உலகின் எந்த உணவகத்திலும் இருவர் உண்ணலாம், செலவுக்கு வரம்பில்லை, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் பணம் கட்டும் என்பதே அந்தப் பரிசு. அவரும் சமையற்கலைஞர் பியர் ஃபிரானேயும் பாரிசில் 31 வகை உணவும் ஒன்பது வகை மதுவும் கொண்ட விருந்தை உண்டார்கள். செலவு 4,000 டாலர். கட்டுரை முதல் பக்கத்தில் வெளியானது. கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன, வத்திக்கானும் கண்டித்தது.

யாருடைய வரிப்பணமும் அதில் இல்லை. ஏலத்தொகை நற்பணிக்குப் போனது. பணம் கொடுத்த நிறுவனம் அதை விளம்பரச் செலவாகவே கருதியிருக்கும். அந்த வகையில் கிமுராவின் மீனுக்கு மிக நெருங்கிய நிகழ்வு இது. ஆயினும் வாசகர்கள் பொங்கினார்கள். அதே ஏலத்தில் 4,000 டாலர் மதிப்புள்ள நகையை அவர் வென்றிருந்தால் ஒரு கடிதமாவது வந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே. நகை இல்லாமல் வாழ்கிறவர் தன்னை வறியவர் என்று எண்ணுவதில்லை. உணவோ எல்லோருக்கும் ஒவ்வொரு நாளும் தேவைப்படுவது. ஆகவே பிறருடைய விருந்தைப் பற்றிப் படிக்கும்போது நாம் அதைத் தொலைவில் நின்று பார்ப்பதில்லை, நம் தட்டையும் பசித்தவரின் வெறுந்தட்டையும் அதன் அருகில் வைத்தே பார்க்கிறோம். கிளெய்போர்ன் ஒவ்வொரு பதார்த்தமாகச் சுவைத்து, சிலவற்றில் குறையும் கண்டு எழுதியிருந்தார். அந்த விவரிப்பு தொகையைவிட அதிகமாகப் பலரைப் புண்படுத்தியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

நீர்முள்ளி:

மீனின் விலை யாரையும் கோபப்படுத்தவில்லை என்ற தொடக்கத்தையே நான் மறுக்கிறேன். கடல்வாழ் உயிர்களைக் காக்கப் பாடுபடுபவர்கள் ஆண்டுதோறும் இந்த ஏலத்தைக் கண்டித்துவந்தார்கள். மனிதர்கள் பெருமளவில் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பிருந்த அளவில் 4 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பசிபிக் நீலத்துடுப்புச் சூரை எஞ்சியிருப்பதாக 2013-இல் அறிவியலாளர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். அந்த ஆண்டின் 15 கோடி யென் விலையைக் கொண்டாட்டமாகக் காட்டிய செய்திகளில் இந்த விவரம் பலவற்றில் இடம்பெறவே இல்லை. பிடிப்பு வரம்புகள் கடுமையாக்கப்பட்ட பிறகு இந்த மீன்வளம் எதிர்பார்த்ததைவிட விரைவாக மீண்டுவருகிறது என்பது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அந்த மீட்சிக்குக் காரணமான வரம்புகள் உருவாக, கோபப்பட்டவர்களின் விடாப்பிடியும் ஒரு காரணம். எனவே இத்தகைய விலைகளைப் பார்த்து மக்கள் எரிச்சலடைவதால் பயனில்லை என்று எவரும் சொல்ல வேண்டாம்.

தும்பை:

மூவருக்கும் நன்றி. நீர்முள்ளி அவர்களின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆழியன் அவர்களின் விளக்கத்தோடு இன்னொரு நிகழ்வையும் சேர்க்கலாம். 2004-இல் 28,000 பவுண்டுக்கு ஏலத்தில் எடுக்கப்பட்ட வெள்ளை டிரஃபிள் காளான் ஒன்று, லண்டன் உணவகத்தில் பூட்டிவைக்கப்பட்ட நிலையிலேயே அழுகிப்போனது. அதை யாரும் உண்ணவேயில்லை. அது பசித்தவர் எவருக்கும் உரிய உணவும் அல்ல. அப்படியிருந்தும் அந்தச் செய்தியைப் படித்தபோது, யாரோ ஒருவர் அதைத் தனியாக உண்டிருந்தால் வந்திருக்கக்கூடிய வருத்தத்தைவிடப் பெரிய வருத்தம் எனக்கு ஏற்பட்டது. பொன்தாளைப் பற்றியும் எனக்கு இதே உணர்வுதான். அதற்குச் சுவையில்லை, உடலில் சேர்வதும் இல்லை. இறைச்சியின் மீது அதை ஒட்டுவது பிறர் பார்ப்பதற்காக மட்டுமே. கேவியர் என்னும் மீன் சினை உயர்ந்த விலைக்கு விற்பதற்குக் காரணம் சொல்லலாம். பெலூகா மீன் சினை தருவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும், அத்தனை காலம் அதை வளர்ப்பவர்களின் உழைப்பு விலையில் இருக்கிறது. பொன்தாள் போர்த்திய இறைச்சியில் சமைத்தவரின் உழைப்புக்கும் உண்பவரின் நாவுக்கும் கூடுதலாக எதுவும் போய்ச் சேர்வதில்லை. என் கோபம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது என்பதை உங்கள் பதில்களைப் படித்த பிறகே தெளிவாக உணர்ந்தேன்.

செங்கொன்றை:

வியட்நாம் அமைச்சரின் காணொலியைத் தொடர்ந்து நடந்ததையும் பதிவு செய்துவிடுகிறேன். வியட்நாமின் டா நாங் நகரில் நூடுல்ஸ் விற்றுவந்த ஒருவர், சமையல்காரர் கோக்சே இறைச்சியின் மீது உப்புத் தூவும் பாணியிலேயே தாம் வெங்காயத்தாள் தூவும் காணொலியை வெளியிட்டார். காவல்துறை அவரை அழைத்து விசாரித்தது. 2022-இல் அவர் கைது செய்யப்பட்டார்; அரசுக்கு எதிராகப் பரப்புரை செய்தார் என்ற குற்றச்சாட்டில் 2023 மே மாதம் ஐந்தரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அமைச்சரின் விருந்துக்குப் பணம் கொடுத்தது யார் என்ற கேள்விக்கு அந்நாட்டு அரசு இன்றுவரை பொதுவெளியில் விளக்கம் அளித்ததாக நான் எங்கும் படித்ததில்லை.