நீர்மம் புகுந்த மடிக்கணினி: ‘தரவு மீட்பு’ என்ற ஒரே சொல் போதுமா?

க.செ., கோவை

குழுவினருக்கு வணக்கம்.

நாம் தமிழில் எழுதும் பழுதுநீக்கக் கையேட்டில் ‘நீர்மச் சேதம்’ அதிகாரம் ஓரிடத்தில் முட்டி நிற்கிறது. ‘டேட்டா ரெக்கவரி’ வரும் இடமெல்லாம் ‘தரவு மீட்பு’ என்றே போட்டுக்கொண்டு வந்தோம். ஆனால் அந்தப் பெயருக்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் கருவி வேறு, கூலி வேறு, கைகூடும் வாய்ப்பும் வேறு.

முதலாவது, டிரைவ் தனியாகக் கழலும் கணினி. போர்டு (தாய்ப்பலகை) செத்தே போயிருந்தாலும் கவலையில்லை. எம்.2 எஸ்எஸ்டியை (பட்டை வடிவச் சேமிப்பகத்தை)க் கழற்றி, முனைகளில் படிவு இருந்தால் கழுவிக் காயவைத்து, யூஎஸ்பி உறையில் போட்டுப் படித்துக்கொள்ளலாம். உறை வாங்கும்போது மட்டும் என்விஎம்இக்கா சாட்டாவுக்கா (டிரைவ் கணினியோடு பேசும் இரு முறைகள்) என்று கவனிக்க வேண்டும். இரண்டு வகை டிரைவும் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்று ஒரே உருவத்தில் வரும். டிரைவையும் யூஎஸ்பியையும் இணைக்க உறைக்குள் இருக்கும் பாலச் (பிரிட்ஜ்) சில்லுதான் வேறு. மாட்டியதும் பிட்லாக்கரின் (வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியின்) 48 இலக்கச் சாவியை விண்டோஸ் கேட்டால், பூட்டைத் தானாகத் திறக்கும் டிபிஎம் (சாவி காக்கும் பாதுகாப்புப் பகுதி) பழைய போர்டில் தங்கிவிட்டது என்று பொருள். சாவி பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அங்கும் இல்லையென்றால் வேலை இரண்டாம் வகைக்குத் தாவிவிடுகிறது.

இரண்டாவது, சேமிப்புச் சில்லு போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட கணினி. 2018 முதல் வந்த மேக்புக் ஏர், ப்ரோ எல்லாம் இந்த வகை. முதலில் ஆப்பிளின் டி2 பாதுகாப்புச் சில்லு, 2020 முதல் எம்1 செயலி, அதன் பின்வந்தவை. தரவு மறையாக்கப்பட்டிருக்கும் (சாவியின்றிப் படிக்க முடியாது), சாவி அந்தப் போர்டின் செயலியோடு பிணைந்திருக்கும். 2016, 2017 டச் பார் மாடல்களிலாவது தரவெடுக்க ஒரு தனி இணைப்பி போர்டில் இருந்தது. அடுத்த ஆண்டே அதையும் நீக்கிவிட்டார்கள். ஆகவே போர்டை ஓடவைத்து, ஓடும் நேரத்துக்குள் கோப்புகளை வெளியே நகலெடுப்பது ஒன்றே வழி. நகலெடுத்து முடிந்தபின் அந்தப் போர்டு மறுபடி ஓடும் என்ற உறுதி கிடையாது. அது இந்த வேலையின் நோக்கமும் இல்லை.

மூன்றாவது, சில்லையே போர்டிலிருந்து பிரித்து, சாக்கெட்டில் வைத்துப் படிப்பது. விலை மலிவான மடிக்கணினிகளில் பற்றவைத்த இஎம்எம்சி (ஒற்றைச் சில்லுச் சேமிப்பகம்) வரும். மறையாக்கம் இல்லாவிட்டால் பிஜிஏ (அடிப்பக்கத்தில் பற்றுக்குண்டு முனைகள் கொண்ட சில்லு வகை) 153 அல்லது 169 சாக்கெட்டில் வைத்து அதைப் படித்துவிடலாம். மேக்கில் இது வீண்வேலை.

என் முன்வைப்பு: ‘தரவு மீட்பு’ பொதுப்பெயராக இருக்கட்டும். உள்வகைகள் மூன்றுக்கும் கழற்றெடுப்பு, இயக்கெடுப்பு, பெயர்த்தெடுப்பு. நடுவில் உள்ளதுதான் அவசரம். அதற்குப் பெயர் இல்லாததால், ‘ரெக்கவரி முடிந்தது’ என்று சொன்னதும் ‘அப்போ லேப்டாப் எப்போ தருவீங்க?’ என்ற கேள்வி வருகிறது.

ம., யாழ்ப்பாணம்

> கழற்றெடுப்பு, இயக்கெடுப்பு, பெயர்த்தெடுப்பு

வகைப்பாடு சரி. சொல்லில்தான் எனக்கு ஐயம். ‘எடுப்பு’ என்றதும் ‘எடுப்பாக இருக்கிறது’ என்ற பொருள்தான் முந்திக்கொண்டு வருகிறது. உங்கள் பக்கத்தில் எடுப்புச் சாப்பாடு வேறு இருக்கிறது. ‘வாசிப்பு’ என்று வைத்தால் என்ன? கழற்றி வாசித்தல், இயக்கி வாசித்தல், பெயர்த்து வாசித்தல். பொருள் உடனே விளங்கும். ‘படிப்பு’ வேண்டாம், அது பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்.

‘உயிர்ப்பு’ என்ற சொல்லையும் பார்க்கலாம். கடைக்காரரும் ‘போர்டுக்கு உயிர் வந்துட்டுது’ என்றுதானே கதைக்கிறார். ‘தற்காலிக உயிர்ப்பு’ என்றால், பாவனைக்குத் திருப்பித் தரமாட்டோம் என்பதும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

எந்தச் சொல்லை எடுத்தாலும் ‘மீட்’டில் தொடங்கும் இன்னொரு சொல்லைச் சேர்க்காதீர்கள். ரெக்கவரிக்கு ‘மீட்பு’, ரெஸ்டோருக்கு ‘மீட்டெடு’, ரீசெட்டுக்கு ‘மீட்டமை’. சில மென்பொருளில் ரெஸ்டோருக்கே ‘மீட்டமை’. ரீசெட் தரவை அழிப்பது. தமிழ் இடைமுகத்தில் ‘மீட்டமை’ என்ற பொத்தானைக் கண்டு, தரவு மீளும் என்று நம்பி அழுத்தினால் கதை முடிந்தது.

இரா., சென்னை

சில்லு மட்ட வேலையின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

‘உயிர்ப்பு’ கூடாது. அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. மேக்கை டிஎஃப்யூ நிலைக்கு (நிலைபொருளை மறுபடி ஏற்றும் நிலைக்கு)க் கொண்டுபோய், இன்னொரு மேக்கில் ஓடும் ஆப்பிள் கன்ஃபிகரேட்டர் மென்பொருளில் இணைத்தால் இரண்டு தெரிவுகள் வரும். ‘ரிவைவ்’ நிலைபொருளை (ஃபர்ம்வேரை) மட்டும் புதிதாக ஏற்றும், பயனர் தரவைத் தொடாது. ‘ரெஸ்டோர்’ அனைத்தையும் அழித்துவிட்டு ஏற்றும். நாம் போர்டை ஓடவைப்பதற்கு ‘உயிர்ப்பு’ என்று பெயர் வைத்தால், நாளைக்கு ‘ரிவைவ்’ என்பதைத் தமிழாக்குபவரும் அதையே எடுப்பார். ரெஸ்டோருக்கு ‘மீட்டெடு’ என்று வந்து, பக்கத்தில் ‘உயிர்ப்பி’ நின்றால், தரவு வேண்டிய ஆள் எதை அழுத்துவார்? ம. ஐயா சொன்ன ஆபத்து இங்கேதான் முழு உருவத்தில் இருக்கிறது.

‘வாசிப்பு’ம் போதாது. வாசித்தல் நடுவில் வரும் ஒரு படி. கோப்புகள் வேறொரு வட்டில் வந்து சேர்ந்து, திறந்து பார்த்துச் சரி என்று தெரிந்தபின்தான் வேலை முடிகிறது. ‘எடுத்தாச்சா?’ என்றுதான் கடையிலும் கேட்கிறார்கள்.

இயக்கெடுப்பு என்று தனிப்பெயர் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணம், அதன் வேலைமுறையே பழுதுநீக்கத்திலிருந்து விலகிப்போவது. கையேட்டில் அந்தப் பகுதி இப்படி வரவேண்டும் என்று நினைக்கிறேன்.

முதல் வேலை பேட்டரி இணைப்பியைக் கழற்றுவது. கணினியை அணைத்துவிட்டால் போதும் என்ற நினைப்பு தவறு. அணைத்த நிலையிலும் எப்போதும் உயிரோடிருக்கும் மின்தடங்கள் போர்டில் உண்டு. ஈரம், கரைந்த உப்பு, மின்னழுத்த வேறுபாடு மூன்றும் கூடினால் நேர்முனை உலோகம் அயனியாகக் கரைந்து எதிர்முனையில் படியும். படிந்தது அங்கிருந்து கிளைவிட்டு நேர்முனையை நோக்கி வளரும். தொட்டதும் ஷார்ட் (குறுக்குச்சுற்று). மூன்றில் நம்மால் உடனே நீக்க முடிவது மின்னழுத்தம் ஒன்றைத்தான். அரிசிப் பானையில் புதைத்து வைப்பவர்கள் பேட்டரியோடு சேர்த்துப் புதைக்கிறார்கள். அரிசி உப்பையும் எடுக்காது, சர்க்கரையையும் எடுக்காது.

அடுத்தது கழுவல். பாலும் சர்க்கரையும் கலந்த காப்பி என்றால் நேரே ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றிப் பயனில்லை, சர்க்கரை அதில் ஏறக்குறையக் கரையவே கரையாது. தகரக் கவசங்களைத் தூக்கிவிட்டு முதலில் வாலைவடிநீரும் (காய்ச்சி வடித்த நீர்) மென்தூரிகையும். அதன்பின் 99% ஆல்கஹால். அது நீரை வெளியேற்றத்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் 70% சரக்கில் மீதி 30% தண்ணீர், அதை வைத்துத் தண்ணீரை எப்படி விரட்டுவது? மீயொலித் தொட்டி இருந்தால் 40 கிலோஹெர்ட்ஸில் நீர்சார் கழுவுநீர்மத்தோடு சில நிமிடம் போதும். தொட்டிக்குள் ஆல்கஹால் ஊற்றக் கூடாது, தீப்பிடிக்கும். பிறகு 60 பாகை அளவில் சில மணிநேரம் உலர்த்தல். பெரிய பிஜிஏ சில்லுகளின் அடியில் தேங்கிய நீர் கண்ணுக்குத் தெரியாது. அவசரப்பட்டு மின்சாரம் கொடுத்தவர்கள் கெடுத்த போர்டுகள்தான் அதிகம்.

மின்சாரம் கொடுக்கும் முன் மல்டிமீட்டர். முதன்மை மின்தடத்துக்கும் தரைக்கும் இடையே ஓரிரு ஓம்தான் காட்டுகிறது என்றால் ஷார்ட். செயலியின் கரு மின்தடம் இயல்பிலேயே ஒரு ஓமுக்கும் கீழே காட்டலாம், அதை ஷார்ட் என்று எண்ணி மின்சாரம் செலுத்திவிடக் கூடாது. முதன்மைத் தடத்தில் ஷார்ட் இருந்தால், மின்னோட்டத்துக்கு வரம்பு வைத்த பெஞ்ச் சப்ளையில் (மேசை மின்வழங்கியில்) 1 வோல்ட்டிலிருந்து தொடங்க வேண்டும். எங்கே சூடேறுகிறது என்று வெப்பக் கேமராவில் தெரியும். கேமரா இல்லையென்றால் மேலே ஆல்கஹால் தடவினால் சூடான உறுப்பின்மேல்தான் முதலில் ஆவியாகும். பெரும்பாலும் ஒரு பீங்கான் கெப்பாசிட்டர் மாட்டும். மின்தடத்தை வடிகட்டும் வேலையில் இருக்கும் பல கெப்பாசிட்டர்களில் அது ஒன்று என்றால், எடுத்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடரலாம்.

இயக்கெடுப்பில் உயிர்நாடியான அளவீடு ஒன்று உண்டு. சேமிப்புச் சில்லுக்கு 2.5 வோல்ட் அளவில் தரும் இறக்குமாற்றி (வோல்ட்டைக் குறைக்கும் சுற்று), முதன்மைத் தடத்தின் 12 வோல்ட்டிலிருந்து இறக்கித் தருகிறது. அதன் மேல்நிலை மாஸ்ஃபெட் (12 வோல்ட் பக்கத்து மின்னணுச் சுவிட்ச்) ஷார்ட் ஆகியிருந்தால், சார்ஜரை மாட்டிய கணத்தில் 12 வோல்ட்டும் சேமிப்புச் சில்லுக்குள் பாயும். அதற்கப்புறம் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே இந்த இரு தடங்களுக்கும் இடையே மின்தடை பார்க்காமல் சார்ஜரைத் தொடக் கூடாது. தரைக்கு மட்டும் பார்த்தால் இந்தக் கோளாறு அகப்படாமல் போகலாம். திரை இணைப்பியும் அப்படித்தான்: பின்னொளிக்கு 50 வோல்ட் அளவில் வருவதுண்டு, அதன் பக்கத்திலேயே செயலிக்குப் போகும் குறைவோல்ட் முனைகள். ஈரம் பட்ட திரையையும் நாடாவையும் மறுபடி மாட்டவே கூடாது.

பழுதுநீக்குபவர் செய்வதில் பாதியை இங்கே விட்டுவிடலாம். ஒலி, கேமரா, வைஃபை பகுதிகள் அரித்திருந்தால் அப்படியே கிடக்கட்டும், மின்தடத்தை ஷார்ட் ஆக்காத வரை. அரித்த ட்ரேஸுக்கு (போர்டின் செப்புக் கோட்டுக்கு) எனாமல் கம்பியில் ஜம்பர் (மாற்றுவழி இணைப்பு) அடித்தால் போதும், அழகு வேண்டாம். வெப்பக்கடத்தியை மட்டும் கட்டாயம் மாட்ட வேண்டும். செயலி சூடேறி நடுவில் அணைந்தால் மறுமுறை எழும் என்று சொல்ல முடியாது. யூஎஸ்பி-சி மீட்டரில் 5 வோல்ட்டிலேயே நின்றால் சார்ஜரோடு பேச்சுவார்த்தை நடக்கவில்லை. 20 வோல்ட்டுக்கு ஏறினால் பாதி வழி வந்தாயிற்று.

ஓடத் தொடங்கியதும் உரியவரின் கடவுச்சொல் கையில் இருக்க வேண்டும். அப்போது போய் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இலக்கு வட்டு முறையிலோ வட்டுப் பகிர்விலோ (மேக்கின் வட்டை இன்னொரு கணினியில் காட்டும் முறைகள்) இணைத்து, முதலில் அவர் குறிப்பிட்ட கோப்புறைகள், அதன்பின் மற்றவை. நொடிக்கு 400 மெகாபைட் வேகம் கிடைத்தால் 500 ஜிபிக்கு 21 நிமிடம். 40 மெகாபைட்தான் என்றால் மூன்றரை மணிநேரம். அரித்த போர்டு அவ்வளவு நேரம் தாங்குமா என்பதை வைத்துத்தான் வரிசை.

த., சிங்கப்பூர்

இலக்கணத்தில் ஒரு சிக்கல். ‘இயக்கு’ பகுதியாக நின்று ‘எடுப்பு’ சேர்ந்தால் வினைத்தொகை. ‘இயக்குகின்ற எடுப்பு’ என்றுதான் பொருள் விரியும். நாம் சொல்ல வருவது இயக்கி, அதன்பின் எடுப்பது. கணக்குப்படி ‘இயக்கியெடுப்பு’ அல்லவா வரவேண்டும்? ‘கழற்றெடுப்பு’க்கும் இதே கேள்வி. மூன்றாவது ஏற்கெனவே வினையெச்சத்தில்தான் இருக்கிறது.

க.செ., கோவை

> கணக்குப்படி ‘இயக்கியெடுப்பு’ அல்லவா

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணினித் தமிழில் ‘இயக்கி’ என்றால் டிரைவர். அச்சுப்பொறி இயக்கி, ஒலி இயக்கி என்று எல்லோர் வாயிலும் பழகிவிட்டது. ‘இயக்கியெடுப்பு’ என்று எழுதினால் டிரைவர் மென்பொருளைப் பிரித்தெடுப்பதாகப் படிப்பார்கள். ஆகவே நடுவில் உள்ளது மட்டும் ‘இயக்கெடுப்பு’ என்றே நிற்கட்டும். ‘கழற்றியெடுப்பு’ என்று முதலாவதை மாற்றுவதில் தடையில்லை. ஒழுங்குக்காக மூன்றாவதையும் பகுதியாக்கலாமே என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். ‘பெயரெடுப்பு’ என்றாகி, நல்ல பெயர் எடுப்பதில் போய் முடியும்.

‘பெயர்த்தெடுப்பு’ பற்றி ஒரு கட்டுப்பாட்டைக் கையேட்டில் சேர்க்கிறேன்: இஎம்எம்சிக்கு மட்டும். என்விஎம்இ எஸ்எஸ்டியின் நினைவகச் சில்லுகளைப் பெயர்த்தாலும் கட்டுப்படுத்தி எந்தப் பக்கத்தை எங்கே வைத்தது என்ற வரைபடம், அதன் கலைத்தெழுதல் (தரவை ஒழுங்கு மாற்றி எழுதுவது), பிழைதிருத்தம் எல்லாம் குறுக்கே நிற்கும். பலவற்றில் கட்டுப்படுத்தியே மறையாக்கமும் செய்கிறது. எம்.2 டிரைவே நனைந்து ஓடாமல் போனால் அதன் 3.3 வோல்ட் தடத்தில் ஷார்ட் தேடி, அந்தச் சிறு போர்டை ஓடவைத்துப் படிப்பதுதான் வழி. அதுவும் இயக்கெடுப்பே.

ம., யாழ்ப்பாணம்

‘வாசிப்பு’ என்ற முன்வைப்பை விலக்கிக்கொள்கிறேன். இரா. சொன்ன காரணம் போதும்.

இன்னொன்று விடுபடுகிறது. வெள்ளத்தில் மூழ்கிய பழைய சுழல்வட்டு (ஹார்ட் டிஸ்க்). 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் போல வீட்டுக்குள் சேற்றுநீர் ஏறினால், உறையில் உள்ள மூச்சுத்துளை வழியாக நீர் தட்டுவரைக்கும் போகக்கூடும். அதைக் காயவைக்கவும் கூடாது, மின்சாரம் கொடுக்கவும் கூடாது. காய்ந்த படிவு தட்டில் ஒட்டிக்கொள்ளும், தட்டைப் படிக்கும் தலை அதில் மோதும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடித் தூசற்ற அறை வைத்திருப்பவரிடம் கொடுக்க வேண்டும். உங்கள் மூன்றில் இது எதிலும் அடங்காது.

இரா., சென்னை

அடங்காதுதான். அது வட்டைத் திறக்கும் வேலை, மடிக்கணினி அதிகாரத்தில் வேண்டாம். சுழல்வட்டு அதிகாரத்தில் பெயர் தேடிக்கொள்வோம்.

வேலைச்சீட்டில் அச்சிட இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

‘வேலை வகை: இயக்கெடுப்பு. போர்டு, தரவை நகலெடுக்கும் அளவுக்கு மட்டும் இயக்கப்படும். நகலெடுத்தபின் கணினி பயன்பாட்டுக்குத் திருப்பித் தரப்படாது. கடவுச்சொல், மறையாக்கச் சாவி உரியவரிடமிருந்து பெறப்பட்டதா? ஆம் / இல்லை. முதலில் எடுக்க வேண்டிய கோப்புறைகள்: ______. கொட்டிய நீர்மம்: தண்ணீர் / காப்பி, தேநீர் / குளிர்பானம் / பிற. கொட்டியபின் சார்ஜர் மாட்டப்பட்டதா? ஆம் / இல்லை.’

கடைசிக் கேள்விக்குப் பலர் ‘இல்லை’ என்றுதான் எழுதுவார்கள். இருந்தாலும் இருக்கட்டும், சார்ஜிங் முனையின் நடுவே கரிந்திருந்தால் போர்டே சொல்லிவிடும்.